மகசூல் கூடியது சரி, யாரோடு ஒப்பிட்டு? விவசாயத் தொழில்நுட்பத்தின் பலனை அளக்க பெங்களூருக்கு வருபவர்களுக்கு

கோயம்புத்தூரில் பிஎஸ்சி அக்ரி முடித்தவர்கள், சென்னையில் எம்ஏ பொருளாதாரம் முடித்தவர்கள் என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது என் மேஜைக்கு எதிரே வந்து உட்காருகிறார்கள். அன்று காலையில்தான் மடிவாளாவில் பஸ் இறங்கியிருப்பார்கள். ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் பிஜி பார்த்தாகிவிட்டது, லேப்டாப் கைக்கு வந்துவிட்டது, கூடவே முதல் வேலையும் வந்துவிட்டது: "நம்ம ஆப்பால் விவசாயிகளுக்கு மகசூல் எவ்வளவு கூடியது என்று ஆறு மாசத்தில் ஒரு இம்பாக்ட் ஸ்டடி வேண்டும்."

கவனியுங்கள், கூடியதா என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு கூடியது என்றுதான் கேட்கிறார்கள்.

நான் அல்சூரில் குடியிருந்துகொண்டு கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் 12 வருஷமாக இதே வேலையாக அலைகிறவன். வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வதை இந்த முறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. புள்ளியியல் பாடம் இதில் குறைவாகத்தான் இருக்கும். அதைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வேலை கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை.

முதல் படி: ஒரு தாள், ஒரு சங்கிலி

எதையும் அளப்பதற்கு முன்னால், அந்தத் தொழில்நுட்பம் எந்தெந்தக் கை மாறி விவசாயி வீட்டுக்குப் பணமாகவோ சோறாகவோ ஓய்வாகவோ போய்ச் சேர வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மண் ஈரம் காட்டும் சென்சாரை எடுத்துக்கொள்வோம். சென்சார் ஈரத்தைக் காட்டுகிறது, விவசாயி அதைப் பார்க்கிறார், தண்ணீரைக் குறைத்துப் பாய்ச்சுகிறார், மோட்டார் ஓடும் நேரம் குறைகிறது, செலவு குறைகிறது. இவ்வளவும் விளம்பரத்தில் அழகாக இருக்கும். கர்நாடகத்தில் 10 ஹெச்பி வரை விவசாயப் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம், தமிழ்நாட்டிலும் இலவசம். அப்புறம் மோட்டார் ஓடும் நேரம் குறைந்தால் யாருடைய செலவு குறையும்?

மிச்சமான தண்ணீர் என்ன ஆகிறது என்று அடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் அது பக்கத்தில் தரிசாகக் கிடந்த பத்து குண்டே, அதாவது கால் ஏக்கர், நிலத்துக்குப் போகும். விவசாயிக்கு அது லாபம்தான், ஆனால் நிலத்தடி நீர் மிச்சமாகவில்லை. சொட்டுநீர் போன்ற சிக்கனப் பாசனம் ஒரு வயலில் நீரைக் குறைத்தாலும் அந்தப் பகுதியின் மொத்த நீர்ச் செலவைப் பல இடங்களில் குறைப்பதில்லை என்று 2018-இல் சயின்ஸ் இதழில் கிராஃப்டனும் மற்றவர்களும் எழுதியதை இந்தத் துறையில் எல்லோரும் படித்திருப்பார்கள். ஆனாலும் "இத்தனை லட்சம் லிட்டர் சேமித்தோம்" என்று போர்டு வைப்பதை யாரும் நிறுத்தவில்லை.

சங்கிலியில் ஒவ்வொரு கண்ணிக்கும் பக்கத்தில், இது நடந்தது என்று எதை வைத்துச் சொல்லப்போகிறேன் என்று எழுதுங்கள். எழுத முடியாத இடம் கட்டாயம் ஒன்று வரும். ஆய்வுக்குப் பணமும் நேரமும் அங்கேதான் தேவை.

இரண்டாம் படி: யாரோடு ஒப்பிட்டு?

இந்த வேலையின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. தொழில்நுட்பம் வராமல் இருந்திருந்தால் இதே விவசாயிக்கு இதே வருஷம் என்ன ஆகியிருக்கும்? அதை நேரில் பார்க்க வழியில்லை. பார்த்த மாதிரி ஓர் ஒப்பீட்டை உண்டாக்க வேண்டும்.

புதியவர்கள் உடனே பிடிப்பது முன், பின் ஒப்பீடு. ஆப் வருவதற்கு முன்னால் வருமானம் இவ்வளவு, வந்த பிறகு இவ்வளவு. கோலார் தக்காளியில் இதைச் செய்து பாருங்கள். 2023 ஜூலையில் கோலார் மண்டியில் 15 கிலோ பெட்டி 2000 ரூபாயைத் தாண்டிப் போனது. பேஸ்லைனை, அதாவது முதல் கணக்கெடுப்பை, 2022-இல் எடுத்துவிட்டு 2023 ஜூலையில் மறுபடி போய்க் கேட்டிருந்தால், ஆப்பைத் திறந்தே பார்க்காதவருக்கும் வருமானம் எகிறியிருக்கும். வேப்பிலை கட்டியிருந்தாலும் எகிறியிருக்கும்.

அடுத்தது, வாங்கியவரையும் வாங்காதவரையும் ஒப்பிடுவது. இது இன்னும் நம்பும்படி இருக்கும், அதனால் இன்னும் ஆபத்து. சென்சார் வாங்கியவரிடம் போர்வெல்லில் தண்ணீர் இருக்கும், ரோட்டோரம் நிலம் இருக்கும், பையன் படித்திருப்பான், வங்கியில் பெயர் கெடாமல் இருக்கும். சென்சார் இல்லாவிட்டாலும் அவர் மகசூல் பக்கத்து வயலைவிடக் கூடத்தான் இருந்திருக்கும். கோலாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2018-இலிருந்து பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து கே.சி. வேலி திட்டத்தில் அங்குள்ள ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். உங்கள் ஆப் போன ஊரின் ஏரி நிரம்பி, ஒப்பிடும் ஊரின் ஏரி காய்ந்து கிடந்தால், ஏரியின் புண்ணியம் ஆப்பின் கணக்கில் ஏறிவிடும். ஊர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே ஏரிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வேறு என்னதான் வழி? கம்பெனியிடம் நான் சொல்வது சாதாரண யோசனைதான். உங்களால் 60 ஊருக்கும் ஒரே மாசத்தில் போக முடியாது, ஆள் பற்றாது. எப்படியும் சில ஊர் முதலில், சில ஊர் அடுத்த வருஷம். எது முதலில் என்பதை சேல்ஸ் மேனேஜர் முடிவு செய்ய வேண்டாம், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அடுத்த வருஷத்து ஊர்கள் இந்த வருஷம் ஒப்பீட்டு ஊர்கள். யாருக்கும் எதையும் மறுக்கவில்லை, கூடுதல் செலவும் பெரிதாக இல்லை.

குலுக்காமலும் சில நேரம் வாய்ப்பு தானாக அமையும். கேரளக் கடற்கரையில் 1997-க்கும் 2001-க்கும் இடையே செல்போன் டவர் பகுதி பகுதியாக வந்தது. எந்தப் பகுதிக்கு எப்போது வந்ததோ அப்போது அங்கே மத்தி மீனின் விலை சந்தைக்குச் சந்தை தாறுமாறாக இருந்தது அடங்கியது, விற்காமல் கொட்டும் மீனும் குறைந்தது. ராபர்ட் ஜென்சன் 2007-இல் வெளியிட்ட இந்த ஆய்வில் டவர் ஒரே நாளில் எல்லா இடத்துக்கும் வந்திருந்தால் இப்படிச் சொல்லியிருக்கவே முடியாது.

சீட்டுக் குலுக்கும்போது விவசாயிகளின் பெயரைவிட ஊர்களின் பெயரைப் போடுவது நல்லது. ஒரே ஊரில் இவருக்கு உண்டு, அவருக்கு இல்லை என்று வைத்தால் மாலையில் டீக்கடையில் எல்லாம் கலந்துவிடும். ஆலோசனை மெசேஜ் வாட்ஸ்ஆப்பில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஆனால் ஊர்வாரியாகப் போட்டால் ஒரு விலை கொடுக்க வேண்டும். ஒரே ஊர்க்காரர்களுக்கு மழை ஒன்று, மண் ஒன்று, உரக்கடை ஒன்று. அதனால் ஒரே ஊரில் 20 பேரைக் கேட்பது 20 தனித்தனி ஆளைக் கேட்டதற்குச் சமமில்லை. கணக்கு எளிது. ஒரே ஊர்க்காரர்கள் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்ற அளவு 0.1 என்று வைத்துக்கொண்டால், ஊருக்கு 20 பேர் வீதம் 20 ஊரில் 400 பேரைக் கேட்டாலும், 400-ஐ 2.9-ஆல் (1 + 19 × 0.1) வகுத்து 138 பேரைக் கேட்ட பலன்தான் கிடைக்கும். அதே 400 பேரை ஊருக்கு 10 பேராக 40 ஊரில் கேட்டால் 1.9-ஆல் (1 + 9 × 0.1) வகுத்து 210 பேர் பலன். பெட்ரோல் செலவு கூடும் என்று அக்கவுன்ட்ஸ் முனகுவார்கள். ஊர் எண்ணிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இன்னொரு வலையும் இருக்கிறது. தான்சானியாவில் தட்டைப்பயறு விதையை வைத்து ஒரு சோதனை செய்து 2014-இல் எழுதினார்கள். எந்த ரகம் என்று தெரிந்து வாங்கியபோது, புது ரகக்காரர்களுக்குப் பழைய ரகக்காரர்களைவிட விளைச்சல் கூடுதலாக இருந்தது. எந்த விதை என்று யாருக்கும் சொல்லாமல் கொடுத்தபோது புது ரகத்துக்கும் பழைய ரகத்துக்கும் வித்தியாசமே இல்லை. பழைய விதை என்று தெரிந்தவர்களின் விளைச்சல்தான் மற்ற எல்லோரையும்விடக் குறைந்திருந்தது. வித்தியாசத்தை உண்டாக்கியது விவசாயியின் உழைப்பு, பெயர் வாங்கியது விதை. மருந்துச் சோதனை மாதிரி எல்லாவற்றையும் மறைத்துச் செய்ய நம்மால் முடியாது. ஆனால் இடைவெளி, நிலத்தின் தரம், ஆள் நாள் இவற்றையும் சேர்த்துக் கேட்டு வைத்தால் எது எதனால் வந்தது என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: அளவு

இங்கே கொஞ்சம் அதிக நேரம் நிற்கப்போகிறேன், ஏனென்றால் நானே விழுந்த குழி இது.

என் முதல் வருஷம். மாலூர் தாலுகாவில் கேழ்வரகு ஆய்வு. பாதி ஊர்களை நானும் தர்மபுரிப் பையன் ஒருவனும் பார்த்தோம், மீதியை துமகூர்க்காரர் ஒருவர் பார்த்தார். யார் எந்த ஊர் என்று யாரும் யோசிக்கவில்லை. தற்செயலாக, புது முறை கொடுத்த ஊர்கள் எல்லாம் எங்கள் பக்கம் விழுந்தன. முடிவு வந்தபோது புது முறை ஊர்களில் ஏக்கருக்கு மகசூல் நன்றாகவே கூடியிருந்தது. மேலே இருந்தவர்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

எனக்கு ஒரு வயல் மட்டும் உறுத்தியது. 18 குவிண்டால், 1.20 ஏக்கர். ஏக்கருக்கு 15 குவிண்டால். அந்த மண்ணுக்கு அது கொஞ்சம் ஜாஸ்தி. அடுத்த வாரம் வேறு வேலையாகப் போனபோது அந்தப் பெரியவர் வீட்டில் நிறுத்தி, பஹணி என்கிற நிலப் பதிவுச் சீட்டைக் காட்டச் சொன்னேன். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து, விரலை வைத்து வாசித்தார்: "ஒந்து எக்ரெ இப்பத்து குண்டெ." ஒரு ஏக்கர் இருபது குண்டே.

நாம் தமிழ்நாட்டில் சென்டில் வளர்ந்தவர்கள். நூறு சென்ட் ஒரு ஏக்கர், அதனால் 1.20 என்றால் ஒன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. கர்நாடகத்தில் நாற்பது குண்டே ஒரு ஏக்கர். அவர்கள் எழுதும் 1-20 என்பது ஒன்றரை ஏக்கர். 18-ஐ ஒன்றரையால் வகுத்தால் 12. மூன்று குவிண்டால் ஒரு புள்ளியில் முளைத்திருந்தது. அரை ஏக்கர்க்காரரின் 0-20-ஐ 0.20 என்று போட்டிருந்தோம், அவர் மகசூல் இரண்டரை மடங்காகி நின்றது. துமகூர்க்காரர் கன்னடத்தில் எழுதி வந்து சரியாக மாற்றிப் போட்டிருந்தார். அதாவது தப்பு முழுக்க ஒரு பக்கம். நாங்கள் கண்டுபிடித்த பலனில் பெரும்பகுதி ஓசூர் எல்லையைத் தாண்டி வந்த பலன். திருத்தி மறுபடி போட்டபோது மிஞ்சியது சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

அதிலிருந்து எனக்கு இரண்டு விதி. ஒன்று, ஏக்கரையும் குண்டேயையும் ஃபார்மில் தனித்தனிப் பெட்டியில் வாங்க வேண்டும், புள்ளி வைக்கவே இடம் கொடுக்கக் கூடாது. குண்டே பெட்டியில் 39-க்கு மேல் போட்டால் ஃபார்ம் ஏற்கக் கூடாது. இரண்டு, ஒவ்வொரு கணக்கெடுப்பாளரும் இரண்டு வகை ஊருக்கும் போக வேண்டும். ஒருவர் தப்புச் செய்தால் அது இரண்டு பக்கமும் சமமாக விழட்டும்.

விவசாயி வாயால் சொல்லும் பரப்பைவிட ஜிபிஎஸ் வைத்து வரப்பைச் சுற்றி நடப்பது நல்லது. ஆப்பிரிக்க நாடுகளில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஒரே மாதிரி காட்டுகின்றன: சின்ன நிலக்காரர்கள் பரப்பைக் கூட்டிச் சொல்கிறார்கள், பெரிய நிலக்காரர்கள் குறைத்துச் சொல்கிறார்கள். இங்கேயும் அப்படித்தான். அதோடு பஹணியில் இருக்கும் பரப்பு வேறு, இந்தப் பருவத்தில் அந்தப் பயிர் போட்ட பரப்பு வேறு. வரப்பு, மாட்டுக்கொட்டகை, களம் எல்லாம் பஹணிக்குள் இருக்கும்.

மகசூலுக்கு, முடிந்தால் பயிர் அறுவடைச் சோதனை செய்யுங்கள். இந்தியாவில் நெல், கேழ்வரகு போன்ற பயிர்களுக்குப் பெரும்பாலும் 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் போட்டு அறுப்பார்கள், பயிர்க் காப்பீட்டுக்கும் இதுதான் அடிப்படை. அந்தக் கட்டத்தின் அளவுக்குப் பின்னால் ஒரு பழைய சண்டை இருக்கிறது. புள்ளியியல் அறிஞர் மஹலனோபிஸ் சின்னச் சின்ன வட்டமாக அறுத்தால் போதும் என்றார். சின்னக் கட்டத்தில் ஓரத்துச் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் ஆசை வரும், மகசூல் கூடுதலாகக் காட்டும் என்று இன்னொரு புள்ளியியல் அறிஞர் சுகாத்மே மறுத்தார். வயலில் கயிறு கட்டி நின்று பார்த்தால் சுகாத்மே சொன்னது புரியும். கயிற்றுக்கு மேலே சாய்ந்து நிற்கும் கதிர் உள்ளா வெளியா என்று கேட்டால், நம் கை தானாக உள்ளே இழுக்கும். 25 சதுர மீட்டரை ஏக்கருக்கு மாற்ற 162-ஆல் பெருக்க வேண்டும், தராசில் அரை கிலோ பிசகினால் ஏக்கருக்கு 80 கிலோ பிசகும். வேர் எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஈரத்தோடு ஒரு முறை, காய வைத்து ஒரு முறை எடை போடுங்கள்.

தக்காளிக்கு இதெல்லாம் ஒத்துவராது. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு பறிப்பு, ஒன்றரை இரண்டு மாசம் நீளும். எத்தனை பெட்டி என்று கடைசியில் கேட்டால் நல்ல விலை போன நாள்தான் ஞாபகம் இருக்கும். மண்டிச் சீட்டைக் கேளுங்கள். பெரும்பாலோர் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். வீட்டுக்குச் சமைத்தது, மாட்டுக்குப் போட்டது, விலை இல்லாமல் ரோட்டோரம் கொட்டியது இவற்றைத் தனியாகக் கேளுங்கள். கொட்டியதும் மகசூல்தான், ஆனால் வருமானம் இல்லை.

"எத்தனை மூட்டை?" என்றால் "ஒந்து ஹத்து மூட்டெ" என்பார்கள். நம் ஊர் "ஒரு பத்து மூட்டை" மாதிரியேதான், எட்டாகவும் இருக்கலாம் பதிமூன்றாகவும் இருக்கலாம். ஒரு மூட்டையைக் காட்டச் சொல்லி எடை போட்டுப் பாருங்கள்.

நான்காம் படி: மகசூலுக்கு வெளியே இருப்பவை

கேழ்வரகு என்றால் தானியம் மட்டும் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கோலார் பால் மாவட்டம். வைக்கோல்தான் பல வீடுகளில் மாட்டுக்கு வருஷ உணவு. ஒரு குட்டை ரகம் தானியத்தைக் கூட்டி வைக்கோலைக் குறைத்தால், வீட்டு ஆம்பளை "சூப்பர்" என்பார், மாடு பார்க்கும் அம்மா அடுத்த வருஷம் பழைய ரகத்தையே போடச் சொல்லிவிடுவார். வைக்கோலையும் அளந்து விலை போடுங்கள். கேள்வியை அந்த அம்மாவிடமும் கேளுங்கள்.

உழைப்பு விஷயமும் இப்படித்தான். களைக்கொல்லி அடித்தால் நிலக்காரருக்குச் செலவு மிச்சம். அந்தச் செலவு என்பது களை எடுக்க வந்த பெண்களின் கூலி. உங்கள் சாம்பிள் முழுக்க நிலக்காரர்களாக இருந்தால் அந்தப் பெண்கள் உங்கள் ஆய்வில் வரவே மாட்டார்கள். நிலமில்லாத வீடுகளையும் கொஞ்சம் சேருங்கள்.

செலவைக் கணக்கிட மத்திய அரசின் விலை ஆணையம் பயன்படுத்தும் முறையே போதும், புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம். கையிலிருந்து போன செலவு ஏ2. வீட்டார் உழைப்புக்கும் கூலி போட்டால் ஏ2 பிளஸ் எஃப்எல். சொந்த நிலத்தின் வாடகை, முதலீட்டின் வட்டி எல்லாம் சேர்த்தால் சி2. எந்தக் கணக்கில் லாபம் என்று சொல்லுங்கள். ஏ2-வில் லாபம் காட்டிய எத்தனையோ தொழில்நுட்பம் வீட்டம்மாவின் கூலியைப் போட்டதும் நஷ்டத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

சில சமயம் பெரிய பலன் நாம் பார்க்காத திசையில் இருக்கும். ஒடிசாவில் ஸ்வர்ணா சப்1 என்ற நெல் ரகத்தைக் குலுக்கல் முறையில் கொடுத்துச் சோதித்தார்கள், 128 ஊர்கள். இரண்டு வாரம் வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் ரகம் அது. வெள்ளத்தில் பயிர் தப்பியது எதிர்பார்த்ததுதான். அதற்கு மேலும் ஒன்று நடந்தது. பயிர் போய்விடும் என்ற பயம் குறைந்ததும் அந்த விவசாயிகள் உரம் கூடுதலாகப் போட்டார்கள், நேரடி விதைப்பை விட்டு நாற்று நட்டார்கள், வெள்ளம் வராத வருஷத்திலும் பலன் கண்டார்கள். வெள்ளம் தேங்கும் பள்ளமான நிலம் தலித் குடும்பங்களிடம் அதிகம் இருந்ததால், பலனும் அவர்களுக்கு அதிகம் போனது. சராசரியை மட்டும் போட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

ஐந்தாம் படி: உண்மையிலேயே பயன்படுத்தினாரா?

ஆப் இறக்கியவர் எண்ணிக்கையைக் கம்பெனி கொடுக்கும். அதை வாங்கி ஒரு பக்கம் வையுங்கள். ஒரு முறை பதிவான நம்பர்களில் வரிசையாகப் போன் போட்டேன். பலது பெங்களூரில் கேப் ஓட்டும் மகனிடம் இருந்தது. "மருந்து அடிக்கச் சொல்லி மெசேஜ் வருது சார், நான் எலக்ட்ரானிக் சிட்டியில் நிற்கிறேன்" என்றார் ஒருவர். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன்.

அதற்காக, பயன்படுத்தியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்துக் கணக்குப் போடவும் கூடாது. ஆர்வமுள்ளவர்தான் பயன்படுத்துவார், மறுபடி பழைய வலையில் விழுவோம். கொடுக்கப்பட்ட எல்லோரையும் கொடுக்கப்படாத எல்லோரோடும் ஒப்பிட்ட எண் முதலில் வரட்டும். பயன்படுத்தியவர்களைப் பற்றிய எண் அதற்குப் பிறகு, எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற விளக்கத்தோடு வரட்டும்.

விதை, உரம் என்றால் பொருளே அசலா என்று பாருங்கள். உகாண்டாவில் கடையில் வாங்கிய உரத்தில் சத்து 30 சதவீதம் குறைவாக இருந்தது, வீரிய மக்காச்சோள விதை என்று விற்றதில் பாதிகூட அசல் இல்லை என்று 2017-இல் ஒரு ஆய்வு வந்தது. ஆனால் தான்சானியாவில் உரத்தைச் சோதித்த வேறொரு குழுவுக்கு உரம் நன்றாகத்தான் இருந்தது, கலப்படம் என்ற நம்பிக்கைதான் விவசாயிகளிடம் இருந்தது. ஆக, கலப்படம் உண்டு என்றும் இல்லை என்றும் உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது, வாங்கிச் சோதித்தால்தான் தெரியும். ரகத்தின் பெயரை விவசாயி சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். டிஎன்ஏ வைத்துப் பார்த்த நாடுகளில், வாயால் சொன்ன ரகமும் வயலில் நின்ற ரகமும் பல இடங்களில் வேறாக இருந்திருக்கின்றன. அந்தச் செலவு கட்டாது என்றால் பழைய விதைப் பையையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆறாம் படி: போய்க் கேட்பது

கேள்வித்தாளை இங்கிலீஷில் எழுதி, தமிழில் யோசித்து, கன்னடத்தில் கேட்பது நம்மவர்கள் செய்யும் கூத்து. கன்னடத்தில் எழுதி வாங்குங்கள், வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். முளபாகல், ஸ்ரீனிவாசபுரம் பக்கம் வீட்டில் தெலுங்கு. பங்காருபேட்டை, கேஜிஎஃப் பக்கம் நம் தமிழுக்கே நல்ல மரியாதை, நான் அங்கே போனால் சாப்பிடாமல் திரும்பியதில்லை. ஆனால் தமிழ் பேசுகிற வீடுகளாகப் பார்த்து உட்கார ஆரம்பித்தால் சாம்பிள் போச்சு.

காலை ஆறரைக்குப் பால் சொசைட்டி. அந்த நேரம் போனால் எல்லோரும் இருப்பார்கள், யாருக்கும் பேச நேரம் இருக்காது. ஒன்பதுக்கு மேல் போங்கள். முக்கால் மணி நேரத்தைத் தாண்டினால் பதில்கள் எல்லாம் "ஹவுது, ஹவுது" (ஆமாம், ஆமாம்) ஆகிவிடும். முக்கியமான கேள்விகளை முதலில் வையுங்கள்.

ஆதாரைப் போட்டோ எடுக்காதீர்கள், அது நமக்கு எதற்கும் தேவையில்லை. எதற்காகக் கேட்கிறோம், வேண்டாம் என்றால் மானியம் எதுவும் போகாது என்பதைத் தெளிவாகச் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிவிட்டது. கம்பெனி சட்டை போட்டுக்கொண்டும் போகாதீர்கள். விற்க வந்தவன் முன்னால் யார்தான் குறை சொல்வார்?

ஏழாம் படி: ஒரு பருவம் போதாது

ஆறு மாசத்தில் ரிப்போர்ட் என்று சொன்னார்கள் அல்லவா, அங்கேதான் நீங்கள் வாய் திறக்க வேண்டும். மானாவாரிக் கேழ்வரகில் ஒரு வருஷ மழையை வைத்து எதையும் சொல்ல முடியாது. மழைக் கணக்குக்கு எலஹங்காவில் மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையம் இருக்கிறது, கிராமப் பஞ்சாயத்து வாரியாகவே மழைமானி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர்களின் கணக்கை வாங்கி இரண்டு பக்கமும் மழை ஒன்றுபோலப் பெய்ததா என்று பாருங்கள்.

புதுச் சரக்கு பரவ நேரமும் ஆகும். அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோளம் 1928 வாக்கில் வந்தது. இரண்டு ஊர்களில் 259 விவசாயிகளைக் கேட்ட ஆய்வில் இருவர் தவிர எல்லோரும் அதற்கு மாறியிருந்தார்கள், ஆனால் அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. முதல் வருஷம் ஒரு மூலையில் போட்டுப் பார்ப்பதுதான் உலகம் முழுக்க விவசாயியின் புத்தி. முதல் பருவத்தில் பலன் இல்லை என்றால் தொழில்நுட்பம் தோற்றது என்று எழுதிவிட வேண்டாம், ஜெயித்தது என்றும் எழுத வேண்டாம். இரண்டு பருவமாவது கேட்டுப் பெறுங்கள். தரவில்லை என்றால் "ஒரு பருவ முடிவு" என்று தலைப்பிலேயே போடுங்கள்.

ரிப்போர்ட் எழுதும் முன்

எதை அளக்கப்போகிறோம், எந்த எண் வந்தால் பலன் உண்டு என்போம் என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு, மேலே இருப்பவர்களுக்கு மெயில் அனுப்பி வையுங்கள். முடிவு வந்த பிறகு, "மகசூல் கூடவில்லையா, சரி, திருப்தி கூடியதா பார்" என்று தேட ஆரம்பித்தால் இருபது எண்ணில் ஏதோ ஒன்று எப்படியும் கூடியிருக்கும். அப்போது அந்த மெயில் உங்களைக் காப்பாற்றும். என்னை இரண்டு முறை காப்பாற்றியிருக்கிறது. ஒரு முறை காப்பாற்றவில்லை, வேறு கம்பெனி பார்க்க வேண்டி வந்தது.

சேருவதற்கு முன்போ சேர்ந்த முதல் மாசமோ ஒரு சனிக்கிழமை ஜிகேவிகே, அதாவது பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகம், போய்வாருங்கள். கேழ்வரகில் குலை நோயைத் தாங்கும் ஜிபியு 28 அங்கே உருவானதுதான். வயலில் நின்று பயிரைப் பார்த்தால் கேள்வித்தாளில் பாதி மாறிவிடும். பெரும்பாலும் நவம்பரில் அங்கே கிருஷி மேளா நடக்கும், எந்தக் கடையில் விவசாயிகள் நிற்கிறார்கள், எதில் துண்டுச்சீட்டு வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள் என்று நின்று பாருங்கள். படிக்க வேண்டும் என்றால் நாகரபாவியில் ஐசெக் என்கிற சமூக, பொருளாதார ஆய்வு நிறுவனத்தின் நூலகம் இருக்கிறது. காய்கறி, பழம் என்றால் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம்.

முடிவு வந்ததும் கேட்ட ஊருக்கே திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். பட்ஜெட்டில் இதற்கு ஒரு வரி ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும், கடைசியில் கேட்டால் கிடைக்காது. பவர்பாயின்ட் வேண்டாம். கன்னடத்தில் ஒரு பக்கம், பெரிய எழுத்தில், மூட்டைக் கணக்கிலும் குண்டே கணக்கிலும். பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டலாமா என்று செயலரிடம் கேட்டால் பெரும்பாலும் பசையும் அவரே தருவார்.